ஊர் சுற்றலாம்: ஜீன்ஸ் காசில் எழுந்த மலை மாளிகை!

வீட்டுக்கு வீடு பீரோவில் ஒரு ஜீன்ஸ் பேன்ட் நிச்சயம் இருக்கும். அந்த முரட்டு நீலத் துணியை நெய்தே கோடீஸ்வரரான ஒருவர், மலை மேல் தன் மனைவிக்கும் தனக்குமாக ஒரு மாளிகை கட்டினார். அதில் அவர் பத்து வருடம்கூட வாழவில்லை. ஆனால், அந்த மாளிகையின் கதவு இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறது. டிக்கெட்டே கிடையாது!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ப்ளோயிங் ராக் என்ற மலையூருக்குப் பக்கத்தில் இருக்கிறது 'ஃப்ளாட் டாப் மேனர்'. அதைச் சுற்றியுள்ள தோப்பும் காடும் ஏரியும் சேர்ந்ததுதான் மோசஸ் எச். கோன் நினைவுப் பூங்கா. பரப்பளவு சுமார் 3,500 ஏக்கர்.

போகும் வழியே அழகு

மாளிகைக்குக் கூட்டிப்போவது 'ப்ளூ ரிட்ஜ் பார்க்வே' என்ற மலைச்சாலை. நீளம் 469 மைல், அதாவது சுமார் 755 கிலோமீட்டர். 1935-ல் வேலை தொடங்கி, கடைசித் துண்டு முடிந்தது 1987-ல்தான். சுங்கச்சாவடி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை. வேகம் மணிக்கு 45 மைலைத் தாண்டக் கூடாது. அவசரக்காரர்களுக்கான சாலை இல்லை இது!

சாலையோர மைல்கல்தான் இங்கே முகவரி. 294-ம் மைல்கல்லில் வண்டியைத் திருப்பினால், பெரிய தூண்களோடு வெள்ளை மாளிகை தெரியும்.

'டெனிம் ராஜா'

மோசஸ் கோன் பிறந்தது 1857-ல். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூத வியாபாரியின் மூத்த மகன். அப்பாவின் மளிகை மொத்த வியாபாரத்துக்காக தம்பி சீசருடன் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போனார். போன இடத்தில் துணி மில்களோடு பழக்கம் ஏற்பட்டது. 'பருத்தி விளையும் இடத்திலேயே மில் வைத்தால் என்ன?' என்று அண்ணனும் தம்பியும் யோசித்தார்கள். கிரீன்ஸ்பரோ நகரில் பிறந்தது 'பிராக்ஸிமிட்டி' மில். 'அருகாமை' என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம்!

1905-ல் தொடங்கிய அவர்களுடைய 'ஒயிட் ஓக்' மில், பிற்பாடு லீவைஸ் ஜீன்ஸுக்கே டெனிம் கொடுத்தது. 2017-ல்தான் அது மூடப்பட்டது.

மில் வருமானத்தில் மோசஸ் மலை நிலத்தை வாங்கிக்கொண்டே போனார். நிலத்தை விற்ற சிலர் அதே மண்ணில் அவருக்கு வேலைக்காரர்களாக ஆனார்கள் என்பதும் இந்த மலையின் கதைதான். மலைச்சரிவெங்கும் ஆயிரக்கணக்கான ஆப்பிள் மரங்கள் நடப்பட்டன. குதிரை வண்டி போவதற்காகச் சுமார் 25 மைல் நீளத்துக்குப் பாதைகள் போட்டார்கள். குதிரைக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று, பாதை மலையை வளைத்து வளைத்து மெதுவாக ஏறும். அந்தப் புண்ணியம் இன்று நம் மூட்டுகளுக்கு!

பெர்த்தாவின் 39 வருடங்கள்

1908-ல், 51 வயதில் மோசஸ் இறந்தார். குழந்தை இல்லை. உயிலும் எழுதவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம் மனைவி பெர்த்தா. போகவில்லை. 1947-ல் இறக்கும்வரை 39 வருடங்கள் தோட்டத்தைத் தானே நிர்வகித்தார்.

1911-ல் அவர் ஒரு பத்திரம் எழுதினார். தன் காலத்துக்குப் பின் சொத்து, கணவர் பெயரில் அமையும் மருத்துவமனைக்குச் சேர வேண்டும். பணமில்லை என்று எந்த நோயாளியையும் அங்கே திருப்பி அனுப்பக் கூடாது. மலைத் தோட்டம் பொதுமக்களுக்கான பூங்காவாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. தன் நிலத்துக்குள் பார்க்வே வருவதை எதிர்த்து அரசுக்குக் கடிதம் எழுதியவரும் இதே பெர்த்தாதான். இன்று அவர் வீட்டைத் தேடி எல்லோரும் வருவது அந்தச் சாலை வழியாகத்தான்!

மருத்துவமனை 1953-ல் கிரீன்ஸ்பரோவில் திறக்கப்பட்டது. ஆனால், பத்திரத்தில் இருந்த தாராளம் வாசலில் இல்லை. கறுப்பின மருத்துவர்களுக்கு அங்கே இடமில்லை. கறுப்பின நோயாளிகளுக்கோ கடும் கட்டுப்பாடு. ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற பல் மருத்துவரும் மற்றவர்களும் 1962-ல் வழக்குப் போட்டார்கள். 1963-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனைகள் நிறம் பார்க்கக் கூடாது என்று நாடு முழுவதும் மாற இந்த வழக்கு வழிகாட்டியது. 2016-ல் மருத்துவமனை நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டது. மாளிகைத் திண்ணையில் நின்று ஏரியைப் பார்க்கும்போது, இந்தக் கதையையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

என்ன பார்க்கலாம்?

மாளிகையில் 23 அறைகள். ராஜா வீட்டு சோபாவையும் கட்டிலையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கீழ்த்தளத்தில் இருப்பது மலைவாழ் கைவினைஞர்களின் விற்பனை மையம். மண்பாண்டம், மரவேலை, நெசவு எல்லாம் கிடைக்கும். மில் முதலாளி வீட்டில் இன்று கைத்தறிக்கு மரியாதை!

வெளியேதான் உண்மையான சொத்து. வயதானவர்கள், குழந்தைகளோடு வருபவர்களுக்கு பாஸ் ஏரியைச் சுற்றும் பாதை ஏற்றது. ஒரு சுற்று ஒரு மைலுக்கும் குறைவு. நன்றாக நடப்பவர்கள் ஃப்ளாட் டாப் மலைக் கோபுரம்வரை போய்வரலாம். போக மட்டும் 3 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் மோசஸும் பெர்த்தாவும் அடக்கமான இடம் இருக்கிறது.

கிளம்பும் முன்...

* சார்லட் நகரிலிருந்து காரில் சுமார் 2 மணி நேரம். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், ஒரே நாளில் போய்வந்துவிடலாம்.

* அக்டோபரில் இலைகள் நிறம் மாறும். அழகும் அதிகம், கூட்டமும் அதிகம். வார நாளில், காலையிலேயே போவது உத்தமம்.

* குளிர்காலத்தில் மாளிகை மூடியிருக்கும். பனி கொட்டினால் சாலையையும் மூடிவிடுவார்கள்.

* 2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயல் பார்க்வேயைப் பல இடங்களில் சிதைத்தது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

* குதிரை வண்டிப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நடந்து போகலாம், குதிரையில் போகலாம். மோசஸ் காலத்தைப் போலவே!