சளிக்கு நடை தடையா?



லூமுட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். விடிந்ததும் கடலோரமாக ஒரு நடை, விடுமுறை என்றால் புக்கிட் எங்கு பூசு குன்றில் ஏற்றம். மூக்கு ஒழுகத் தொடங்கிய அன்று வீட்டம்மா அவருடைய சப்பாத்தை ஒளித்து வைத்துவிட்டாராம். "சளியோடு கடல்காற்றில் நடந்தால் நெஞ்சில் இறங்கிவிடும் என்கிறாள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

கணவன் மனைவி வழக்கில் தலையிடக்கூடாதுதான். கேட்டுவிட்டாரே! சளி மூக்கோடு நிற்கிறது என்றால் வழக்கு ஐயா பக்கம். உடம்பு சுட்டால் அம்மா பக்கம், மேல்முறையீடு கிடையாது.

கடல்காற்றின் மேல் பழி வேண்டாம். சளியைக் கொண்டுவருவது வைரஸ். அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அடிக்கடி மாட்டுவது ரைனோவைரஸ். அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைட்னர் என்பவர் இந்த ரைனோவைரஸை 50 இளைஞர்களின் மூக்கில் வேண்டுமென்றே செலுத்திப் பார்த்தார். 34 பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தார்கள்; மற்ற 16 பேர் செய்யவில்லை. 1998இல் முடிவு வெளிவந்தது. சளி நீடித்த நாட்களிலும் சரி, அதன் கடுமையிலும் சரி, இரு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. பயிற்சி சளியைக் கூட்டவும் இல்லை, விரட்டவும் இல்லை. "வியர்க்க ஓடினால் சளி ஓடிவிடும்" என்பவர்களும் இதைக் கவனிக்கட்டும். சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆரோக்கியமான மாணவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஆஸ்துமாவோ இருதய நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

விளையாட்டு மருத்துவர்கள் கழுத்தை எல்லைக்கோடாக வைக்கிறார்கள். தும்மல், மூக்கடைப்பு, லேசான தொண்டைக் கரகரப்பு எல்லாம் கழுத்துக்கு மேலே. பத்து நிமிடம் மெதுவாக நடந்து பாருங்கள். தலை தெளிந்தால் தொடரலாம், கனத்தால் திரும்பிவிடலாம். நெஞ்சுச் சளி, இளைப்பு, உடம்புவலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் படுக்கைதான்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகவேண்டிய ஆளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சுட்டால்தான் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸர் எம்சி (மருத்துவ விடுப்பு) எழுதுவார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூக்கொழுகல் கணக்கில் வராது. கோடாலித் தைலத்தைத் தடவிக்கொண்டு பால் வெட்டப் போகவேண்டியதுதான். "அந்தக் காலத்து ஆட்கள் சளியோடு மரம் வெட்டவில்லையா?" என்று இன்று வீரம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும், அதனால் போனார்கள்.

காய்ச்சலோடு ஓடுவது ஏன் ஆபத்து? சில கிருமிகள் இருதயத் தசையையும் தாக்கும். அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் துடிப்பு தடம் மாறி உயிரே போகலாம். சுவீடனில் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக் காட்டில் ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. 1979 முதல் 1992 வரை அந்தப் பந்தய வீரர்களில் 16 இளம் வயதினர் திடீரென்று இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் பலருக்கு இருதயத் தசை அழற்சி தெரிந்தது. பயிற்சியையும் போட்டிகளையும் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். உடம்பு சரியில்லாதபோது ஓடாதீர்கள் என்று வீரர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது.

ஆகவே, ரெண்டு பெனடோலைப் போட்டுக்கொண்டு கிளம்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மாத்திரை சூட்டை மறைக்கும், நோயை அல்ல. தூக்கம் வரவைக்கும் சளி மருந்து குடித்துவிட்டுக் குன்று ஏறுவதும் வேண்டாம். பதினொரு மணி வெயிலில் தெலுக் பாத்திக் கடற்கரை மணலில் ஓடுவது நல்ல உடம்புக்கே சோதனை. சளி நாளில் விடிகாலையோ மாலையோ போதும், கையில் தண்ணீர் இருக்கட்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நடையே வேண்டாம். கூட நடப்பவர்களிடமிருந்து கொஞ்சம் விலகி நடப்பது மரியாதை.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் காய்ச்சல் என்றதும் டெங்கியை நினைக்காமல் இருக்கக்கூடாது. அது சூடு இறங்கும் வேளையில்தான் சிலரை மோசமாகத் தாக்கும். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று சப்பாத்து மாட்டுகிற அதே நாளில். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். வெறும் காய்ச்சல் என்றாலும் இரண்டு மூன்று நாள் நீடித்தால் ரத்தம் சோதித்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

அன்புடன்,
ஆசிரியர்