நோயாளியின் மொழியில் பேசுங்கள்



மேற்கு சிட்னியில் வெஸ்ட்மீட், பிளாக்டவுன், ஓபர்ன் மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களில் தமிழ், அரபு, பஞ்சாபி, சீனம் எனப் பல மொழிகள் செவியில் விழுகின்றன. மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் அவற்றுள் பல மௌனமாகிவிடுகின்றன. நம் முதியோர் தலையசைக்கிறார்கள். உடன் வந்த பேரப்பிள்ளை பேசத் தொடங்குகிறது.

நியூ சவுத் வேல்ஸ் பொது மருத்துவமனைகளில், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் உதவியை நோயாளி எந்நேரமும் கட்டணமின்றிப் பெறலாம். நேரில் வர இயலாவிடில் தொலைபேசியில் பேசுவார்கள். இருந்தும் நம்மவர் பலர் கேட்பதில்லை. "மகள் இருக்கிறாள், அவள் சொல்வாள்" என்கிறார்கள்.

அந்த மகளுக்கு வயது பன்னிரண்டாக இருக்கலாம். பரிசோதனை முடிவு 'பாசிட்டிவ்' என்றால் நல்ல செய்தி என்று அவள் எண்ணக்கூடும். சரியாகவே விளங்கிக்கொண்டாலும், தாயின் புற்றுநோயைத் தாயிடம் அறிவிக்கும் பாரத்தை ஒரு குழந்தையின் தோளில் ஏற்றலாமா? போரைக் கடந்து வந்த ஒரு பெண், தன் உடல் பட்ட காயங்களைப் பிள்ளையின் முன்னால் எப்படிச் சொல்வாள்? சொல்லாமலே வீடு திரும்புவாள்.

வளர்ந்த பிள்ளைகள் வேறொன்று செய்கிறார்கள். அம்மா தாங்கமாட்டார் என்று அஞ்சி, நோயின் பெயரை மறைத்து மொழிபெயர்க்கிறார்கள். அதில் அன்பு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாய், தான் அறியாத ஒன்றுக்குக் கையொப்பமிடுகிறார். ஒப்புரவாக வேண்டியவரோடு ஒப்புரவாகவும், விடைபெற வேண்டியவரிடம் விடைபெறவும் அவருக்கு இருந்த நாள்களும் அவரறியாமலே கழிந்துவிடுகின்றன. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். அவர் மொழியில் கேட்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "ஆங்கிலம் தெரியுமா?" என்று கேட்டால் நம் பெரியோர் மரியாதைக்காகவேனும் "ஓம்" என்பார்கள். "உங்கள் நோயைப் பற்றி எந்த மொழியில் கேட்க விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். தலையசைப்பைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள். எரிக்கோ நகரின் வழியோரத்தில் கூக்குரலிட்ட பார்வையற்ற பர்த்திமேயுவுக்கு என்ன தேவை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆயினும் இயேசு சூழ நின்றவர்களிடம் விசாரிக்காமல், அவரிடமே கேட்டார்.

"மொழிபெயர்ப்பாளரும் நம்மவர்தானே, ஊருக்குக் கதை போய்விடாதா?" என்ற அச்சம் நம் சிறிய சமூகத்தில் இயல்பானதே. அவர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். முகம் காட்ட விருப்பமில்லையெனில் தொலைபேசி வழியாகக் கேளுங்கள். பெண்கள் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். மருத்துவரைக் காணும் நாளை உறுதிசெய்யும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவையுங்கள். மருத்துவமனையை அழைக்கவே மொழி தடையாயின் 131 450 என்ற தேசிய சேவை எண்ணை அழையுங்கள். அவர்கள் இணைத்துப் பேசுவார்கள்.

குருக்களையும் சிலர் மொழிபெயர்க்க அழைக்கிறார்கள். செபிக்கவும், நோயில் பூசுதல் வழங்கவும், அருகில் அமர்ந்திருக்கவும் எந்த நள்ளிரவிலும் அழையுங்கள், வருவேன். அறுவைச் சிகிச்சையின் ஆபத்துகளை விளக்குவதற்கு அதற்கெனப் பயின்றவரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.