கோடி பாக்கிக்கு அவகாசம். சில்லறை பாக்கிக்கு மஞ்சள் கடுதாசி!

"மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்றால் பாரிமுனையில் யாருக்கும் விளக்கம் தேவை இல்லை. ஆள் நொடித்துவிட்டான், பணம் வராது என்று அர்த்தம்.

கம்பெனி நொடித்தால் அந்தப் பெயர் கிடையாது. 2016-ம் ஆண்டு திவால் சட்டப்படி, கம்பெனி தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் "தடைக்காலம்" வந்துவிடும். அதன் பிறகு கம்பெனி மீது யாரும் வழக்குப் போட முடியாது. ஜப்தியும் கிடையாது. 330 நாளில் முடிக்கவேண்டும் என்று 2019-ல் கெடு வைத்தார்கள். பல வழக்குகள் அதையும் தாண்டி ஓடின.

ஓடுகிற மில்லை அவசரமாக ஏலம் போட்டால் தொழிலாளிக்கும் நஷ்டம், பாங்கிக்கும் நஷ்டம். அதனால் அவகாசம் கொடுப்பதில் தப்பு இல்லை. அது யார் தலையில் விடிகிறது என்பதுதான் கேள்வி.

பெட்டிக்காரர் கதி

மண்ணடியில் ஒருவர் ஒரு கம்பெனிக்கு அட்டைப் பெட்டி சப்ளை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 8 லட்சம். அவர் திவால் மனு போட முடியாது. 1 லட்சமாக இருந்த வரம்பை 2020 மார்ச்சில் ஒரேயடியாக 1 கோடி ஆக்கிவிட்டார்கள். பாங்கி மனு போட்டாலோ, இவர் சிவில் கோர்ட்டில் போட்ட வழக்கும் அப்படியே நிற்கும். கடன்காரர் கமிட்டியில் ஓட்டு பாங்கிகளுக்குத்தான். கம்பெனியை விற்றாலும் செலவு, சம்பள பாக்கி, அடமானக் கடன், அரசு பாக்கி எல்லாம் போய் மிச்சம் இருந்தால்தான் இவருக்கு.

சரி, இவரே நொடித்தால்? புதிய சட்டத்தில் தனி ஆட்களுக்கும் ஒரு பகுதி உண்டு. 2019 டிசம்பர் 1-ந்தேதி அது அமுலுக்கு வந்தபோது, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே வந்தது. சென்னை வியாபாரியை 1909-ம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்திலேயே விட்டுவிட்டார்கள். அதன்படி, நொடித்தவர் என்று ஐகோர்ட்டு சொன்னதும் சொத்து "அபிஷியல் அசைனி" கைக்குப் போய்விடும்.

கொரோனா தவணை

2020-ல் ரிசர்வ் பாங்கி அனுமதியோடு கடன் தவணைகள் 6 மாதம் தள்ளிப்போயின. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2021 மார்ச்சில் சொன்னது. அசல் வட்டி நின்றபடியே நின்றது.

கம்பெனிகளுக்கு இன்னொரு சலுகையும் கிடைத்தது. 2020 மார்ச் 25 முதல் ஓர் ஆண்டுக்குள் தவறிய பாக்கிக்காக அவர்கள் மீது எந்தக் காலத்திலும் திவால் மனு போட முடியாது.

பெட்டிக்காரருக்குக் கடன் கொடுத்த தண்டல்காரரை இந்த உத்தரவு எதுவும் கட்டுப்படுத்தவில்லை. கடை திறந்த அன்றே நோட்டும் கையுமாக வந்து நின்றுவிட்டார்.