சொந்தப் பெட்டிக்கும் வாடகை!

வீட்டுக்கு வாடகை கொடுக்கிறோம். கல்யாணம் வந்தால் அண்டா, குண்டாவுக்கு வாடகை கொடுக்கிறோம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். கடையில் காசு கொடுத்து ஒரு நாற்காலி வாங்குகிறீர்கள். வீட்டில் போட்டு உட்காருகிறீர்கள். அதற்கு மாதா மாதம் ஒருவர் வந்து வாடகை கேட்டால் கொடுப்பீர்களா?

"இது என்ன அநியாயம்!" என்பீர்கள்.

இந்த அநியாயம் அமெரிக்காவில் நடந்தது. நாற்காலிக்கு அல்ல, இன்டர்நெட் பெட்டிக்கு! அதைத் தடுக்க அந்த நாட்டுப் பார்லிமெண்டு 2019-ல் ஒரு சட்டமே செய்ய வேண்டி வந்தது.

எந்தப் பெட்டி?

இன்டர்நெட் கம்பி வழியாக வீட்டுக்கு வருகிறது. கம்பியில் வருவதை நம்முடைய கருவிகளுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது மோடம். அதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது ரௌட்டர். அப்பாவின் செல்போன், பையனின் பாடம், பாட்டி பார்க்கும் சினிமா எல்லாவற்றுக்கும் கம்பி இல்லாமலே அனுப்பி வைப்பது ரௌட்டர்தான். இப்போது பெரும்பாலும் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் கேபிள் கம்பெனிகள் இந்தப் பெட்டியை வாடகைக்குக் கொடுத்து வந்தன. மாதம் 10 டாலர், 15 டாலர் என்று பில்லில் ஒரு மூலையில் இருக்கும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15 டாலர் என்றால் வருஷத்துக்கு 180 டாலர். ஐந்து வருஷத்துக்கு 900 டாலர். கடையில் நல்ல மோடமும் ரௌட்டரும் சேர்த்து 200 டாலருக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பதினான்காவது மாதத்திலேயே போட்ட பணம் வந்துவிடும். ஐந்து வருஷத்தில் 700 டாலர் மிச்சம். வாடகை கட்டியவருக்கோ, 900 டாலர் கொடுத்த பிறகும் பெட்டி சொந்தமில்லை!

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் கடைக்குப் போனார்கள். சொந்தமாகப் பெட்டி வாங்கினார்கள். இனி வாடகை இல்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் பில் வந்தபோது, சிலருக்கு அதில் வாடகை அப்படியே இருந்தது. "நீங்கள் சொந்தப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் இஷ்டம். எங்கள் வாடகையைக் கட்டிவிடுங்கள்" என்றது கம்பெனி. புகார்கள் குவிந்தன. அதன் பிறகுதான் சட்டம் வந்தது.

கம்பெனி கொடுக்காத பெட்டிக்கு வாடகை வாங்கக் கூடாது. திருப்பிக் கொடுத்த பெட்டிக்கும் வாங்கக் கூடாது. சட்டம் சொன்னது இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு சட்டம் வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது! 2019 டிசம்பரில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். ஆனால் அமலுக்கு வந்ததோ 2020 டிசம்பரில்.

பழைய கதை

இது புதிதாக முளைத்த வழக்கம் அல்ல. டெலிபோன் காலத்திலேயே இருந்தது.

ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளில் இருந்த டெலிபோன்களில் பெரும்பாலானவை அந்த வீட்டாருக்குச் சொந்தமில்லை. அவை பெல் டெலிபோன் கம்பெனியின் சொத்து. மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும். வெளியில் வாங்கிய எதையும் அதில் மாட்டக் கூடாது. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் இருக்க ஒரு வியாபாரி சின்ன மூடி ஒன்று செய்து விற்றார். டெலிபோனில் வாய் வைத்துப் பேசும் இடத்தில் அதைப் பொருத்திக்கொள்ளலாம். அதற்குக்கூடக் கம்பெனி தடை போட்டது! வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 1956-ல் மூடிக்காரர் ஜெயித்தார்.

பிறகு டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர் வந்தார். டெலிபோன் கம்பி எட்டாத இடங்களில் வேலை செய்பவர்கள் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். அந்த ரேடியோவை டெலிபோனோடு இணைக்க அவர் ஒரு கருவி செய்தார். அதற்கும் கம்பெனி தடை சொன்னது. சர்க்காரின் தகவல் தொடர்புக் கமிஷன் 1968-ல் தீர்ப்புச் சொன்னது. கம்பெனியின் கம்பிக்குக் கெடுதல் செய்யாத கருவியை மாட்டலாம் என்றது. பிற்பாடு கடையில் டெலிபோன் வாங்கவும், சொந்தமாக மோடம் மாட்டவும் வழி திறந்தது இந்தத் தீர்ப்பினால்தான்.

பெல் கம்பெனியின் ஏகபோகம் 1984-ல் உடைந்தது. டெலிபோனைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் எல்லோரும் வாங்கவில்லை. ஒஹையோ மாநிலத்தில் ஒரு மூதாட்டி, வட்டை விரலால் சுழற்றிப் பேசும் பழைய டெலிபோனுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் வாடகை கட்டி வந்தார். 2006-ல் அவருடைய குடும்பத்தார் அதைக் கண்டுபிடித்தபோது பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஆயிரக்கணக்கான டாலர் அப்படியே போயிருந்தது. பில் வந்தது, கட்டினார். அவர் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

ஜெர்மனியில்

ஜெர்மனியிலும் இதே தகராறு. "எங்கள் பெட்டியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்" என்று பல கம்பெனிகள் பிடிவாதம் செய்தன. 2016 ஆகஸ்டு 1-ந்தேதி முதல் அங்கே புதுச் சட்டம் வந்தது. கம்பெனியின் அதிகாரம் சுவரில் உள்ள கம்பி முனையோடு முடிகிறது. அதற்கு இந்தப் பக்கம் எந்தப் பெட்டி வைப்பது என்பது வீட்டுக்காரர் இஷ்டம்.

வாடகைக்கும் நியாயம் உண்டு

வாடகை எடுப்பவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று எண்ண வேண்டாம். இடி இடித்துப் பெட்டி கருகினால், வாடகைப் பெட்டியைக் கம்பெனி மாற்றிக் கொடுக்கும். சொந்தப் பெட்டி என்றால் நஷ்டம் நம்முடையது. வேகம் கூடிய புதுப் பெட்டி வந்தாலும் நாம்தான் வாங்க வேண்டும். வேறு கம்பெனிக்கு மாறினால் பழைய மோடம் பயன்படாமலும் போகலாம். கேபிளுக்குச் செய்த மோடம் கண்ணாடி இழைக் கம்பிக்கு உதவாது. ஆறே மாதம் தங்குகிற இடத்துக்குப் பெட்டி வாங்குவது வீண் செலவு.

இன்னொரு காரணமும் உண்டு. 2016 நவம்பரில் ஜெர்மனியின் பெரிய டெலிபோன் கம்பெனியான டாய்ச்சி டெலிகாமின் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இன்டர்நெட் தடைப்பட்டது. கம்பெனி கொடுத்திருந்த சில வகைப் பெட்டிகளை விஷமிகள் தாக்கியதே காரணம். ஒரே மாதிரிப் பெட்டியை எல்லோருக்கும் கொடுத்தால் விழும்போதும் ஒன்றாகவே விழும். ஆனால் அதைச் சரி செய்யும் பொறுப்பைக் கம்பெனியே ஏற்றது. மாற்றிய மென்பொருளை உடனே அனுப்பியது. சொந்தப் பெட்டிக்காரர் இந்தப் புது மென்பொருளைத் தாமே தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும். பத்து வருஷப் பெட்டியைத் தூசி தட்டாமல் வைத்திருப்பவர் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறவர் மாதிரிதான்.

ஆனால் வாடகைப் பெட்டி முழுக்க முழுக்க நமக்கே வேலை செய்கிறதா? அமெரிக்காவின் காம்காஸ்ட் கம்பெனி 2013 முதல் தன் வாடகைப் பெட்டிகளில் இரண்டாவதாக ஒரு ஒயர்லெஸ் வழியையும் திறந்துவிட்டது. தெருவில் போகும் மற்ற வாடிக்கையாளர்களும் அதைப் பயன்படுத்தலாம். வேண்டாம் என்றால் மூடிக்கொள்ள வழி உண்டு. ஆனால் மூடுவதற்கு முதலில் அது திறந்திருப்பது தெரிய வேண்டுமே! வாடகையும் நம்முடையது, மின்சாரமும் நம்முடையது.

இப்போது சில கம்பெனிகள் வேறு வழியில் போகின்றன. "பெட்டிக்குத் தனி வாடகை இல்லை" என்று விளம்பரம் செய்து, அதையும் மாதக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. பில்லில் அந்த வரி இல்லை. சொந்தப் பெட்டி கொண்டு வந்தவருக்கும் அதே கட்டணம்தான்! இந்த இடத்தில் கணக்கு தலைகீழாகிறது. இங்கே சொந்தப் பெட்டி வாங்குவதில் லாபம் இல்லை. "பெட்டி வேண்டாம் என்றால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

நம் ஊரிலும் கண்ணாடி இழைக் கம்பியில் இன்டர்நெட் வருகிறது. பெட்டியைப் பெரும்பாலும் கம்பெனிக்காரரே கொண்டு வந்து மாட்டுகிறார். சிலர் இலவசம் என்கிறார்கள். சிலர் முன்பணம் வாங்குகிறார்கள். இலவசம் என்றாலும் பெட்டி யாருடையது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் இணைப்பை நிறுத்தும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

திருப்பிக் கொடுக்கும்போது மின்சார அடாப்டரையும் சேர்த்துக் கொடுங்கள். பெட்டியின் அடியில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். அதைக் குறிப்பிட்டு ரசீது எழுதி வாங்குங்கள். வந்த பையன் நல்லவனாக இருக்கலாம். அடுத்த மாதம் வேறு பையன் வருவான்.