மின்கிற்றார் ஒன்று வாங்கினோம்

கல்லூரி விழா மலருக்கு எழுதும் பழைய மாணவர் தமது ஆசிரியர்களின் பிரம்பையும் அன்பையும் நினைவுகூர்தல் வழக்கம். நாமோ அண்மையில் வாங்கிய மின்கிற்றார் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம், வாசகர் பொறுத்தருள்க. கல்லூரியின் சங்கீத அறைக்கு அளிக்கும் நோக்குடனேயே அதனை வாங்கினோம். அளிக்குமுன் ஆறு வாரங்கள் எமது வீட்டில் வைத்துப் பழகிப் பார்த்தோம். அதற்குள் செய்தி பரவிவிட்டது. கடல்கடந்து வாழும் வகுப்புத் தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “மச்சான், சைவப் பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடத்தில உதுக்கு என்ன வேலை?” என்று வினவினார். வினா நியாயமானதே. அதற்கு விடைகூறுமுன் கருவியைப் பற்றிச் சில சொல்லவேண்டும்.

கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில், நெடிய அட்டைப் பெட்டியொன்றில் அது வந்து சேர்ந்தது. 1954இல் அமெரிக்கரான லியோ பெண்டர் வெளியிட்ட ஸ்ராற்றோகாஸ்ரர் என்னும் வடிவத்தைப் பின்பற்றிப் பிறிதொரு நிறுவனத்தார் மலிவாகச் செய்தது. பெண்டர் வானொலி திருத்துந் தொழில் செய்தவர். கிற்றார் வாசிக்க அறியாதவர். வாசிக்கத் தெரியாத ஒருவர் அமைத்த கருவியை வாசிக்கத் தெரியாத நாம் வாங்கினோம் என்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத பாரம். வீணைக்குப் பலாமரக் குடம் உண்டு; சாதாரண கிற்றாருக்கு வயிறும் அதில் ஒரு வாயும் உண்டு. இதற்கோ வயிறே இல்லை, வெறும் மரப்பலகை. பெட்டியைப் பிரித்த ஆவலில் தந்தியை மீட்டினோம். கொசுவலைக்கு வெளியே நின்று நுளம்பு பாடுவது போன்ற ஓர் ஒலி எழுந்தது. இதற்கோ இத்துணைப் பணம் என்று வீட்டார் எம்மைப் பார்த்த பார்வையை ஈண்டு விவரியோம்.

பின்னர் ஒலிபெருக்கியை இணைத்தோம். தந்தியைத் தொடுமுன்னரே ‘உம்ம்’ என்ற இரைச்சல் கிளம்பியது. செக்கனுக்கு 50 முறை ஊசலாடும் எமது வீட்டு மின்சாரத்தையும், சுவரிலிருந்த ரியூப் லைற்றின் முணுமுணுப்பையும் கருவி வாங்கி ஒலித்துக்கொண்டிருந்தது. தந்திகளின்மேற் கையை வைத்தால் இரைச்சல் தணிந்தது; வேறு திசை நோக்கித் திரும்பி அமர்ந்தால் இன்னுந் தணிந்தது. தம்புரா இல்லாத வீட்டிற்கு இலவசச் சுருதி கிடைத்ததென்று மகள் கேலி செய்தாள். ஆனால் அடுத்துத் தந்தியை மீட்டியபொழுது எழுந்த நாதம் கேலியை நிறுத்திற்று. மெல்லத் தொட்ட ஒரு சுரம் அறையை நிரப்பி, நெடுநேரம் மறையாது நின்றது. பலகை என்று நாம் எள்ளிய மரந்தான், தந்தியின் ஆற்றலைக் குடத்தைப்போல் விரைந்து செலவிடாது, அதனை நெடிது அதிரவிடுகின்றது.

இவ்வொலி எங்ஙனம் பிறக்கின்றது? தந்திகளின் கீழே சிறு காந்தங்களும், அவற்றைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக் கம்பி ஏறக்குறைய எண்ணாயிரஞ் சுற்றுகளும் உள்ளன. உருக்குத் தந்தி அதிருங்கால் காந்தப்புலம் அசைகின்றது. புலம் அசையக் கம்பிச்சுருளில் மின் பிறக்கின்றது. 1831இல் மைக்கல் பரடே கண்ட உண்மை இது. இதனை நாம் 1994இல் உயர்தரப் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். 1990இல் தொடங்கிய மின்சாரமற்ற காலம் அது. ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்ட விளக்கின் முன்னிருந்து ‘மின்காந்தத் தூண்டல்’ என்று உருப்போட்டோம். இரவானதும் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். பாடத்தில் உள்ளதும் முற்றத்திற் சுழல்வதும் ஒன்றே என்பது அன்று எமது சிந்தைக்கு எட்டவேயில்லை. டைனமோவிற் காந்தஞ் சுழல்கின்றது; கிற்றாரில் தந்தி அசைகின்றது. வேறுபாடு அவ்வளவே. முப்பது ஆண்டுகள் கழித்து, ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அதனைத் தொடர்ந்தபொழுதுதான் அப்பாடம் எமக்கு விளங்கிற்று. மாணவர்க்கும் இவ்வாறு பிந்தி விளங்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

சங்கீத ஆசிரியையின் ஐயம் வேறு. மாறாத மெட்டுகளிற் பழகும் பிள்ளைக்குச் சுருதிஞானம் கெடாதோ என்றார். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கிற்றாரின் மெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமகூறுகளாகப் பிரிக்கின்றன. சட்சத்தை 1 எனக் கொண்டால் இயற்கையான அந்தர காந்தாரம் 1.25, கிற்றாரில் அது ஏறக்குறைய 1.26. சிறு வேறுபாடுதான், ஆனால் செவி அறியும். ஒலிபெருக்கியின் ஒரு குமிழைத் திருகி நாதத்தைக் கரகரப்பாக்கிச் சட்சத்தையும் காந்தாரத்தையும் சேர்த்து மீட்டினால் ஒலி கலங்கிச் சேறாகின்றது. சட்சத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்தால் தெளிந்து நிற்கின்றது. மேனாட்டு இளைஞர் பேரொலியெழுப்பும் பாட்டுகளிற் பெரும்பாலும் இவ்விரண்டையே பற்றிநிற்பதன் காரணமும் இதுவே. பழந்தமிழர் குரல் என்றும் இளி என்றும் அழைத்த அதே இணை! சுருதி என்றால் என்ன என்பதை இதனினுந் தெளிவாக ஒரு பிள்ளைக்குக் காட்டும் வழியை நாம் அறியோம்.

எமது விரல்களின் கதையையுங் கூறிவிடுவோம். முதற்றந்தியின் கனம் 0.010 அங்குலம். முதல் வாரம் விரல்நுனிகள் வெட்டுண்டாற்போல் எரிந்தன. நான்காம் வாரத்திற் காய்த்துவிட்டன. வீணையிற்போல் தந்தியை மெட்டின்மேற் பக்கமாகத் தள்ளிச் சுரத்தை உயர்த்தலாம் என்று கண்டபோது பெருமகிழ்ச்சி எய்தினோம். ஆயினும் வீணையிற்போல் நெடுந்தூரம் இழுக்க முடியாது. ஒரு முழுச்சுரம் உயர்வதற்குள் எமது விரல் சோர்ந்துவிடுகின்றது. இளமையில் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பயின்ற அற்ப ஞானத்தைக்கொண்டு மோகனத்தை வாசித்தோம், ஓரளவு வந்தது. தோடியைத் தொட்டோம், வரவில்லை. குற்றம் எம்மதே. மெட்டும் மின்சாரமும் உடைய சிறு மாண்டலினில் கர்நாடக இசையை நிறைவாக வாசித்துக்காட்டிய உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) என்பாரை உலகம் அறியும்.

இனித் தோழரின் வினாவிற்கு வருவோம். வயலினும் கடல்கடந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் அதனைப் பயின்று எமது இசைக்கு உரியதாக்கினார் என்பர். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இலேயே அத்தடை தளர்ந்தது. எமது ஊர் நாடகமேடை அதனைப் பொருட்படுத்தியதா? ஆர்மோனியம் இன்றி நடிகமணி வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ ஏது? கோயிற் கச்சேரியில் மின்சாரச் சுருதிப்பெட்டி ஒலிப்பதை எவரும் குறைகூறுவதில்லை. சைவத்திற்கு மின்கிற்றாராற் கேடு வரும் என்று நாம் நம்பவில்லை. அது வீணைக்கு ஈடாகும் என்றும் நாம் சொல்லவில்லை, ஈடாகாது.

வீணை என்றதும் மறைக்கமுடியாத ஒன்று நினைவிற்கு வருகின்றது. நாம் பயின்ற காலத்திற் கல்லூரியில் ஒரு வீணை இருந்தது. கண்ணாடி அலுமாரியிற் பூட்டப்பட்டிருந்தது. நவராத்திரிக்கு அதனை வெளியே எடுத்துச் சந்தனமுங் குங்குமமும் இட்டுக் கலைமகளின் முன் வைப்பர்; பத்தாம் நாள் மீண்டும் அலுமாரிக்குட் போகும். எட்டு ஆண்டுகளில் அதன் நாதத்தை நாம் ஒருமுறையேனுங் கேட்டதில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, வீணையும் இல்லை. போரிற் பறிபோனவற்றுள் அது சிறிது. மனிதரை இழந்த ஊரில் வீணைக்கு அழுதல் தகாது. ஆனால் அவ்வீணையை வாசிக்கக் கற்ற ஒரு மாணவனாவது இருந்திருந்தால், அதில் ஏதோ ஒன்று அவன் விரலிலே தப்பி வந்திருக்கும். யாழ் வாசித்துப் பரிசாகப் பெற்ற நிலம் என்று ஐதிகங் கூறும் இந்நாட்டில், வழக்கொழிந்த யாழைக் கணக்கினால் மீட்கவேண்டி விபுலானந்த அடிகள் நெடுங்காலம் உழைத்தார். 1947இல் ‘யாழ்நூல்’ வெளிவந்தது. மறைந்தபின் மீட்டல் அத்துணைக் கடினம்.

ஆதலால் அதிபருக்கு நாம் எழுதியுள்ள கடிதத்தில் இவற்றை வேண்டியுள்ளோம். இக்கிற்றாரை அலுமாரியில் வைக்கலாகாது. வார இறுதியில் மாணவர் வீட்டிற்குக் கொண்டுசெல்ல இசைவு வேண்டும். பௌதிகவியல் ஆசிரியர் விரும்பினால் திருகாணிகளைக் கழற்றிச் சுருளையுங் காந்தத்தையும் வகுப்பிற்குக் காட்டலாம். தந்தி அறும், மேலதிகத் தந்திகள் பன்னிரண்டு தொகுதி உடன் அனுப்புகின்றோம். கீறல் விழும், விழட்டும்.

இவ்வளவையும் தோழருக்குத் தொலைபேசியிற் படித்துக்காட்டினோம். வீணைக் கதை வந்தவிடத்து அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், “வீணை ஒண்டு வாங்கு, காசு நான் தாறன். உந்தக் கிற்றாருக்கு ஒரு சதமுந் தரன்” என்றார். வீணைக்குத் தஞ்சாவூரில் விலை விசாரித்துக்கொண்டிருக்கின்றோம்.

கிற்றாருக்கென வாங்கிய வன்பெட்டியோடு சிறு பூட்டொன்றும் வந்திருந்தது. அதனை எமது கோழிக்கூட்டிற்குப் போட்டுவிட்டோம்.