ஒப்பாரிக்கும் ஆலயத்தில் இடம் வேண்டும்

1873 நவம்பரில் அட்லாண்டிக்கில் கப்பல் மூழ்கி நான்கு மகள்களைப் பறிகொடுத்த ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு எழுதிய பாடல், துக்கத்திலும் கடவுளை நம்பலாம் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. சரிதான். ஆனால் அதையே அளவுகோலாக்கி, அழுகிறவரை விசுவாசம் குறைந்தவராகப் பார்ப்பது கொடுமை. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளக்குறிச்சிக்கோ, பக்கத்துக் கச்சிராயபாளையத்துக்கோ போய் அப்படிச் சொல்ல முடியுமா? ஒப்பாரியில் இறந்தவரோடு வழக்காடுகிற மரபு நம்முடையது. புலம்பல் நம்பிக்கையைக் குலைக்கும் என்பார்கள். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தானே! 88ஆம் சங்கீதம் ஆறுதலின்றி இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அதன் பேச்சு முழுவதும் கடவுளிடம்தான். நம்பாதவர் யாரிடம் முறையிடுவார்? பாடல் எழுதுகிறவர்களே, அடுத்த பாட்டிலாவது ஆறுதலுக்கு அவசரப்படாதீர்கள்.