பாதி நேரம் மிச்சம் - லாபம் யாருக்கு?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில் புராஸ்டேட் என்று ஒரு சிறு சுரப்பி உண்டு. வயதான காலத்தில் அதில் புற்றுநோய் வரலாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது. வலி தெரியும்போது நோய் எலும்புவரை போயிருக்கக்கூடும். ஆகவே காலத்தில் கண்டுபிடிப்பதே முக்கியம்.

முன்பு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆசனவாய் வழியாகப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசி குத்திச் சதை எடுப்பார்கள். கட்டி எந்த மூலையில் என்று தெரியாமலே குத்துவார்கள். பிரிட்டனில் 576 ஆண்களைப் பரிசோதித்த ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. ஆபத்தான நோயுள்ள 100 பேரில் ஊசி முறை கண்டுபிடித்தது 48 பேரை, எம்.ஆர்.ஐ. என்னும் காந்த யந்திரப் படம் கண்டுபிடித்ததோ 93 பேரை! முதலில் படம் எடுத்தால், நாலில் ஒருவருக்கு ஊசியே வேண்டியதில்லை என்பதும் தெரிந்தது.

இந்தப் படமுறையை உருவாக்கியவர்களில் ஒருவர் பீட்டர் மான்ஸ்பீல்டு. லண்டனில் காஸ் குழாய் வேலை பார்த்தவரின் மகன். 15 வயதில் பள்ளியை விட்டு அச்சு வேலைக்குப் போனவர். 2003-ல் நோபல் பரிசு பெற்றார். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு விஞ்ஞானம் எட்டாது என்று யார் சொல்வது?

ஆனால் முழுப் படம் எடுக்க 30, 40 நிமிஷம் ஆகும். கடோலினியம் என்ற மருந்தையும் நரம்பில் ஏற்ற வேண்டும். அந்த மருந்து அவசியந்தானா? 12 நாடுகளில் 490 ஆண்களிடம் சோதித்தார்கள். 2025-ல் முடிவு வெளியாயிற்று. மருந்தோடு பார்த்தாலும், மருந்தில்லாமல் பார்த்தாலும், 100-க்கு 29 பேரிடம் ஆபத்தான நோய் தெரிந்தது. மருந்தில்லாத படத்துக்கு 15, 20 நிமிஷமே போதும்.

அதாவது, அதே யந்திரம் அதே நாளில் ஏறக்குறைய இரு மடங்கு பேரைப் பார்க்கலாம். ஆலையில் யந்திரம் வேகமானால் பலன் யாருக்கு என்று நாம் கேட்கிறோம் அல்லவா? அதே கேள்வியை இங்கும் கேட்போம். மிச்சமாகும் நேரம் தனியார் ஸ்கேன் நிலையங்களின் பெட்டியை நிரப்பக்கூடாது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் காத்துக் கிடக்கும் வரிசையைக் குறைக்க வேண்டும்.

யந்திரம் மட்டும் போதாது. படம் மங்கினால், பார்ப்பவருக்குப் பயிற்சி இல்லாவிட்டால், இந்தக் குறுக்கு வழி பலிக்காது. ஆகவே நல்ல யந்திரமும் தேர்ந்த டாக்டர்களும் பொது ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டும் என்று கோருவோம். விஞ்ஞானம் மிச்சப்படுத்திய நேரம் உழைப்பாளியின் உயிரைக் காக்கட்டும்!